மிட்டாய்ப் பையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரோட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது. ஜூலையில் சென்னையிலிருந்து அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் எடிசனுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 11. அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கியே ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு, சாக்லேட்டில் போதை மருந்து என்று தினம் ஒரு செய்தி. பெரியவன் அம்மா கூட வர வேண்டாம், நண்பர்களோடு போகிறேன் என்கிறான். கணவர் வேலையிலிருந்து வர மணி ஏழாகிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கோ, அடுத்தவர் வீட்டு வாசலில் போய்ப் பிள்ளைகள் பையை நீட்டுவதே பிடிக்கவில்லை. அனுப்பலாமா, எதற்குப் பயப்பட வேண்டும்?

தாராளமாக அனுப்புங்கள். நான் நியூஜெர்சியில் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அன்று இரவு எங்களிடம் வருகிறவர்களை வைத்தும், படித்ததை வைத்தும் சொல்கிறேன்: பெற்றோர் பயப்படுகிற இடம் ஒன்று, பிள்ளைகளுக்கு அடிபடுகிற இடம் வேறொன்று. சமையலறை மேசையில் மிட்டாயைக் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிற பொறுமையில் பாதியை மாலை ஐந்தரை மணிக்குத் தெருமுனையில் காட்டினால் போதும்.

விஷ மிட்டாய்க் கதையை முதலில் முடித்துவிடலாம், அது மண்டையில் இருக்கும்வரை மற்றது எதுவும் ஏறாது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளைத் தேடியெடுத்து, பல பத்தாண்டுகளாக இதைப் பின்தொடர்ந்து வருகிறார். முன்பின் தெரியாத ஒருவர் வாசலுக்கு வந்த குழந்தைக்கு விஷம் வைத்த மிட்டாயைக் கொடுத்து, அதனால் அந்தக் குழந்தை இறந்தது என்று உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஊசி, குண்டூசி செய்திகளில் பெரும்பாலானவை பிள்ளைகளே விளையாட்டுக்குச் செய்தவை. நிஜமாக நடந்ததும் உண்டு. 2000-இல் மினியாபோலிஸில் ஒருவர் ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டில் ஊசி செருகிக் கொடுத்தார். ஒரு பையனுக்குக் குத்தியது, மருத்துவம் பார்க்கிற அளவுக்குக்கூட இல்லை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1974-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டீர் பார்க்கில் 8 வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் இரவில் குழாயில் அடைத்த இனிப்புப் பொடியைச் சாப்பிட்டு இறந்தான். உள்ளே சயனைட். நாடே கொதித்தது. வைத்தவர் யார் என்று பார்த்தால், பெற்ற அப்பா, ரொனால்ட் ஓபிரையன். கடனில் மூழ்கியிருந்தவர், பிள்ளையின் பேரில் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தார். சந்தேகம் வராமல் இருக்க வேறு பிள்ளைகளுக்கும் அதே பொடியைக் கொடுத்திருந்தார், நல்லவேளையாக அவர்கள் யாரும் சாப்பிடவில்லை. 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதற்கு முன் 1970-இல் டெட்ராய்ட்டில் 5 வயதுக் குழந்தை ஹெராயினால் இறந்தபோதும் மிட்டாய்மேல்தான் பழி விழுந்தது. கடைசியில் பார்த்தால் அது உறவினர் வீட்டில் இருந்த ஹெராயின். அப்புறம் 1982 செப்டம்பர் கடைசியில் சிகாகோ பக்கம் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைட் கலந்து 7 பேர் இறந்தார்கள். ஹாலோவீனுக்கு ஒரே மாதம் இருந்தது. அந்த வருடம் பல ஊர்களில் பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். 2022-இல் ஃபென்டனில் என்ற போதை மருந்தின் வண்ண வண்ண மாத்திரை பற்றி எச்சரிக்கை வந்ததும், அதுவும் ஹாலோவீன் பையில் விழப்போகிறது என்று ஒரு பீதி கிளம்பி, ஒன்றும் நடக்காமல் அடங்கியது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இந்தப் பழைய சரக்கின் புதுப் பொட்டலம்தான்.

தெரியாத மனிதர்கள் பற்றிய இன்னொரு பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. 30 மாநிலங்களில் 1997 முதல் 2005 வரை பதிவான, குழந்தைகளுக்கு எதிரான 67,000-க்கும் மேற்பட்ட பாலியல் குற்றங்களை ஆராய்ந்தார்கள். ஹாலோவீனை ஒட்டிய நாட்களில் அவை கூடவில்லை. அதனால் யார் வீட்டுக்குள்ளும் போகலாம் என்று அர்த்தம் கிடையாது. வாசலோடு சரி, உள்ளே கூப்பிட்டால் போகக் கூடாது என்பதை இரண்டு பேருக்கும் சொல்லிவையுங்கள். வருடம் முழுக்கப் பொருந்துகிற விஷயம் அது.

இனி ரோடு. ஜான் ஸ்டேபிள்ஸ் என்ற கனடா மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2018 கடைசியில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1975 முதல் 2016 வரை, 42 வருடங்களில், அமெரிக்காவில் அக்டோபர் 31 மாலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை நடந்து போகும்போது வாகனம் மோதி இறந்தவர்களை எண்ணினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் அதே நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹாலோவீன் இரவுகள் 42-இல் 608 பேர். சாதாரண இரவுகள் 84-இல் 851 பேர். ஓர் இரவுக்கு என்று வகுத்தால் ஹாலோவீனில் 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளை மட்டும் பிரித்தால் ஆபத்து பத்து மடங்கு. உங்கள் சின்னவள் சரியாக இந்த வயதில் இருக்கிறாள். ஆபத்து உச்சத்தில் இருப்பது மாலை 6 மணியை ஒட்டி.

பத்து மடங்கு என்றதும் பதற வேண்டாம். எல்லா வயதினரையும் சேர்த்து, நாடு முழுவதற்கும், சராசரியாக ஒரு ஹாலோவீனுக்குக் கூடுதலாக 4 உயிர் என்பதே அந்தக் கணக்கு. கோடிக்கணக்கானவர்கள் நடக்கிற இரவில் அது சின்ன எண். பிள்ளைகளை வீட்டிலேயே அடைத்து வைக்க அது காரணம் ஆகாது. ஆனால் கவனத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

ஏன் 6 மணி? எடிசனில் அக்டோபர் 31 அன்று சூரியன் மறைவது 6 மணிக்கு ஐந்தாறு நிமிடம் முன்னால். 2007-க்கு முன்பெல்லாம் கடிகாரத்தை அக்டோபர் கடைசி ஞாயிறன்றே ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதனால் ஹாலோவீன் அன்று பெரும்பாலும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இப்போது நவம்பர் முதல் ஞாயிறுவரை தள்ளுவதில்லை, ஒரு மணி நேர வெளிச்சம் லாபம். இருந்தும் சிக்கல் தீரவில்லை. வெளிச்சம் போகிற நேரம், ஆபீஸ் விட்டு ஆட்கள் அவசரமாக வீடு திரும்புகிற நேரம், மிட்டாய் கூட்டம் உச்சத்தில் இருக்கிற நேரம், மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. கொஞ்சம் தள்ளிப்போனால், பார்ட்டிகளில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

குழந்தையின் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கார் நம்மை நோக்கி வரும்போது அதன் உருவம் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான் வேகத்தை எடைபோடுகிறோம். லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியில் 2011-இல் செய்த ஆய்வில், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இது சரியாக வரவில்லை. மணிக்கு 20 மைலுக்கு மேல் வருகிற காரை அவர்களால் நம்பகமாகக் கணிக்க முடிவதில்லை. அதனால் ஆறு வயதுப் பெண்ணிடம் பார்த்துப் போ என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை. அவள் பார்ப்பாள், கார் தூரத்தில் நிற்கிறது என்று நினைத்து இறங்கிவிடுவாள். வேகத்தின் விலையும் தெரிந்திருக்கட்டும். ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட 2011 அறிக்கைப்படி, நடப்பவர்மேல் 23 மைல் வேகத்தில் கார் மோதினால் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம். 42 மைலில் அது 50 சதவீதம்.

இதை வைத்து உங்கள் மாலையைத் திட்டமிடலாம். சின்னவளோடு ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஆறு வயதுக் கால்களுக்கு ஒரு மணி நேரம் தாராளம். ஆறு, ஆறேகாலுக்குள் அவள் வீட்டுக்கு வந்துவிடட்டும். எங்கள் டவுன்ஷிப்பில் இத்தனை மணிக்குத்தான் என்று சில ஊர்களில் அறிவிப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கணவரை அன்று ஒரு நாள் சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள். முடியாது, ஏழுதான் என்றால், ஸ்டேஷனிலிருந்து வீடு வரை குடியிருப்புத் தெருக்களில் 15 மைலுக்கு மேல் போகாமல், போனைத் தொடாமல் ஓட்டி வரட்டும். அன்று தெருவில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டுக் கார்தானே வருகிற கார்.

தெருவில் எப்படி நடப்பது என்பதில் ஒரே ஒரு பழக்கம் எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரு பக்கத்து வீடுகளை முழுக்க முடித்து, முனையில் கடந்து, மறுபக்கத்தில் திரும்பி வருவது. பிள்ளைகள் இப்படிச் செய்ய மாட்டார்கள். எதிர்வீட்டில் முழு அளவு சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று ஒருவன் கத்தினால் போதும், நிறுத்தியிருக்கிற இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து மொத்தக் கும்பலும் பாயும். இன்றைய எஸ்யூவி பானெட்டின் உயரத்துக்கு ஆறு வயதுக் குழந்தை அதற்கு முன்னால் நின்றால் தெரியவே மாட்டாள். நான் வீட்டில் வைத்திருக்கும் சட்டம், ரோட்டைத் தன்னிஷ்டத்துக்குக் கடந்தால் அத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறோம், பேச்சே கிடையாது. கிளம்பும்முன் சொல்லிவிட வேண்டும், நடந்தால் செய்துவிட வேண்டும்.

இன்னொரு இடம் டிரைவ்வே, அதாவது வீட்டிலிருந்து ரோட்டுக்குக் கார் இறங்குகிற பாதை. நடைபாதையில் இருப்பதால் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பின்னோக்கி வரும் கார் நடைபாதையைக் கடந்துதான் ரோட்டுக்கு இறங்கும். பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் கார் பின்னோக்கி வரும் என்று சின்னவளுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். நம் கூட்டங்களில் பெரியவர்கள் எல்லோரும் காபி டம்ளரோடு பின்னால் பேசிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகள் நான்கு வீடு முன்னால் இருப்பார்கள். நானும் பேசுவேன்தான், ஆனால் ஒருவர் முன்னால் போயே ஆக வேண்டும்.

குளிர் என்று காரிலேயே பின்தொடர்கிற பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. பிள்ளைகள் நான்கு வீட்டுக்கு இறங்குவார்கள், ஏறுவார்கள், மறுபடி நான்கு வீடு. தயவுசெய்து வேண்டாம். நின்று நின்று போகிற உங்கள் கார் மற்ற ஓட்டுநர்களுக்குப் பிள்ளைகளை மறைக்கிறது, ஏறி இறங்குவதோ ரோட்டுப் பக்கக் கதவில். நடக்க முடியாத குளிர் அல்லது மழை என்றால், சர்ச், பள்ளி வண்டி நிறுத்துமிடங்களில் கார் டிக்கியை அலங்கரித்து மிட்டாய் கொடுக்கிற ட்ரங்க் ஆர் ட்ரீட் நடக்கும், அதற்குக் கூட்டிப்போங்கள். அங்கே வண்டிகள் நகராது.

வேஷத்தைப் பொறுத்தவரை, பார்க்க முடிகிறதா, பார்க்கப்படுகிறாளா, இந்த இரண்டு கேள்விதான். முகமூடி பக்கவாட்டுப் பார்வையை வெட்டிவிடும். அதற்குப் பதிலாக முகத்தில் வண்ணம் பூசலாம், இரண்டு நாள் முன்னதாகக் கையில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு. முகமூடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வாசலில் போட்டுக்கொள், நடக்கும்போது தலைக்கு மேல் தூக்கிவிடு என்று ஒப்பந்தம் போடுங்கள். பாவாடை, அங்கி எதுவாயினும் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். இளவரசி செருப்பு கையோடு வரட்டும், காலில் தினமும் போடுகிற ஷூ. கத்தி, வாள் மடங்குகிற ரப்பராக இருக்கட்டும். ரிஃப்ளெக்டிவ் டேப் ஒரு சுருள் வாங்கி உடையின் முதுகிலும், பையின் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். முன்னால் மட்டும் ஒட்டுகிறவர்கள்தான் அதிகம், கார் பின்னாலிருந்தும் வரும். ஜாக்கெட்டை உடைக்கு மேலே போட்டால் வேஷம் தெரியாது என்று அழுகை வரும், ஒரு அளவு பெரிய வேஷம் வாங்கி உள்ளே தெர்மல் போட்டுவிடுங்கள். பெரியவன் கண்ணுக்கு நிறம் மாற்றுகிற லென்ஸ் கேட்டால் வாங்கித் தராதீர்கள். கண் மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பதே இங்கே சட்டவிரோதம், கருவிழியில் புண் வந்து பார்வைக்கே ஆபத்தாகலாம்.

நெருப்பைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பட்டாசு வெடிக்கும்போது நைலான் பாவாடை கூடாது என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தானே. ஹாலோவீன் வேஷங்கள் முக்கால்வாசி மெல்லிய பாலியெஸ்டர், வாசல்படியில் இருக்கும் பூசணிக்காய்க்குள் நிஜ மெழுகுவர்த்தி. எரிதடுப்பு என்று குறிப்பிட்ட உடையாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் எரியவே எரியாது என்பதில்லை. உங்கள் பூசணிக்காய்க்குள் பேட்டரி விளக்கு வையுங்கள். இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. படிக்கட்டு முழுக்க அகல் விளக்கு வரிசை, அதே படியில் தரையைக் கூட்டுகிற அங்கியோடு ஏறி வருகிற பிள்ளைகள். இனி எப்போது இப்படி அடுத்தடுத்து வந்தாலும், மிட்டாய் நேரம் முடிகிறவரை அகலை ஜன்னல் மேடைக்கு ஏற்றிவிடுங்கள், அல்லது எட்டு மணிக்கு மேல் ஏற்றுங்கள்.

எந்த வாசலுக்குப் போகலாம் என்பதற்கு இங்கே எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் வாருங்கள், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். அதைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெரியவனை. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன், ஹாலோவீன் பார்ட்டிக்குக் கிளம்பி, முகவரி குழம்பித் தவறான வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து நில் என்று கத்தினார், அவன் நிற்காமல் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தான், சுட்டுவிட்டார். குற்றவியல் வழக்கில் நடுவர் குழு அவரை விடுவித்தது. இது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் நம் பிள்ளைகளும் இந்த நாட்டுக்குப் புதியவர்கள், அதனால் சொல்கிறேன்: இருட்டான வீடு வேண்டாம், கொல்லைப்புறம் வழியாகக் குறுக்கே புகுந்து போக வேண்டாம், நிஜம்போல் இருக்கிற பொம்மைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

சரி, பெரியவன் தனியாகப் போகலாமா? 12 வயதுக்குக் கீழே பெரியவர் துணை இருக்கட்டும் என்பது சேஃப் கிட்ஸ் அமைப்பின் அறிவுரை. 11 என்பது எல்லைக்கோட்டில் நிற்கிற வயது. இன்னொன்றையும் யோசியுங்கள், அவன் இந்த ரோடுகளில் நடக்கத் தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. சென்னையில் வண்டிகள் இடது பக்கம், இங்கே வலது பக்கம். ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் திரும்பிப் பார்த்துப் பழகிய தலை அவனுக்கு, இங்கே முதல் கார் வருவது இடது பக்கத்திலிருந்து. என் யோசனை, இந்த வருடம் நண்பர்களில் ஒருவனுடைய அப்பாவோ அம்மாவோ ஒரு வீடு தள்ளி, கண்ணில் படாத மாதிரி, பின்னால் வரட்டும். பையன்களுக்கு மானம் போகாது, உங்களுக்கும் நிம்மதி. எந்தெந்தத் தெரு என்பதை முதல் நாளே வரைபடத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள், ஓக் ட்ரீ ரோடு மாதிரியான பெரிய சாலையைக் கடக்கிற பேச்சே கூடாது. எட்டு மணிக்கு வீடு. போன் பையில், கையில் டார்ச். அடுத்த வருடம் அவனே போகட்டும்.

அவனிடம் அக்டோபர் 30 பற்றியும் பேசிவிடுங்கள். நியூஜெர்சியில் ஹாலோவீனுக்கு முந்தின அந்த இரவை மிஸ்சீஃப் நைட் என்பார்கள். பெரிய பையன்கள் முட்டை எறிவது, மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவது என்று திரிவார்கள். சில ஊர்களில் அன்று இரவு சிறுவர்களுக்கு ஊரடங்கே உண்டு. புதுப் பையனைச் சேர்த்துக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம் என்று யாராவது கூப்பிடுவார்கள். அன்று வீட்டில் பூசணிக்காய் செதுக்குகிற வேலை வைத்துக்கொள்ளுங்கள். கத்தி உங்கள் கையில், விதை எடுக்கிற கரண்டி அவர்கள் கையில். அக்டோபரில் எங்களிடம் கையில் வெட்டுப்பட்டு வருகிறவர்களில் பூசணிக்காய்க்காரர்கள் கணிசம், பெரியவர்களும்தான்.

மாமியார் விஷயம் எனக்குச் சுலபமாகப் படுகிறது. உங்கள் வீட்டு வாசல் விளக்கைப் போட்டு, ஒரு கூடை மிட்டாயோடு அவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். நூறு பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனால், இது வாங்குவதற்கு மட்டுமான நாள் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். ஒரு பயனும் இருக்கிறது: வீட்டில் ஒருவர் இருந்தால் சின்னவள் களைத்ததும் திரும்பிவர ஓர் இடம் கிடைக்கும். வாசலுக்கு வருகிற பாதையில் தண்ணீர்க் குழாய், சைக்கிள், உதிர்ந்த ஈர இலை இல்லாமல் பெருக்கிவிடுங்கள். ஐந்திலிருந்து எட்டுவரை டிரைவ்வேயிலிருந்து காரை எடுக்காதீர்கள்.

இப்போது மிட்டாய்ப் பை. வீட்டுக்கு வந்து பெரியவர் பார்க்கிறவரை தின்னக் கூடாது என்ற விதி நல்ல விதி, விஷத்துக்காக இல்லை. ஓடிக்கொண்டே சாப்பிட்டால் தொண்டையில் சிக்கும். நாலு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி மிட்டாய், கொட்டைப் பருப்பு, பாப்கார்ன், சூயிங்கம் எதுவும் வேண்டாம். உங்கள் மகளுக்குக்கூட உருண்டையான கெட்டி மிட்டாயை உட்காரவைத்தே கொடுங்கள். பசியோடு அனுப்பாதீர்கள், நாலரைக்கு இரண்டு தோசை உள்ளே போனால் பையில் கை போகாது. உறை கிழிந்தது, தெரியாத வீட்டில் செய்தது, இரண்டையும் தூக்கிப்போடுங்கள்.

ஒவ்வாமைதான் பையில் இருக்கிற உண்மையான ஆபத்து. ஸ்னிக்கர்ஸ், ரீஸஸ் இரண்டிலும் வேர்க்கடலை. சின்ன அளவு மிட்டாய்களின் உறையில் பல நேரம் பொருட்பட்டியல் இருக்காது, பெரிய பாக்கெட்டில்தான் இருக்கும். பெரிய அளவில் கடலை இல்லாத ஒரு சாக்லேட், சின்ன அளவில் வேறு ஆலையில் தயாராகி இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உண்டென்றால் பட்டியல் இல்லாததைக் கொடுக்காதீர்கள், எபிபென் என்ற ஒவ்வாமை அவசர ஊசி கூடவே வரட்டும். சில வாசல்களில் நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணிக்காய் இருக்கும். 2012-இல் டென்னசியில் ஒவ்வாமைப் பெற்றோர் குழு ஒன்று ஆரம்பித்தது அது, அங்கே மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். உங்கள் வாசலிலும் ஒன்று வைக்கலாம், செலவு பெரிதில்லை. நீங்கள் சைவம் என்றால் ஒரு உபதகவல்: கம்மி மிட்டாய்கள் பெரும்பாலானவற்றிலும், மார்ஷ்மெல்லோவிலும், கேண்டி கார்னிலும் ஜெலட்டின் உண்டு.

கஞ்சா கலந்த மிட்டாய் பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, திசைதான் தவறு. 6 வயதுக்குக் கீழே குழந்தைகள் அதைத் தெரியாமல் சாப்பிட்டு விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017-இல் 207, 2021-இல் 3,054. கிட்டத்தட்ட எல்லாமே வீடுகளில் நடந்தவை, சொந்த வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மேசையில் கிடந்தது. காசு கொடுத்து வாங்கியதை யாரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். குழந்தை காரணமில்லாமல் தள்ளாடி, அளவுக்கு மீறித் தூங்கினால் இதை நினைத்துப் பார்த்து உடனே உதவி கேளுங்கள்.

அன்று இரவு அடிக்கடி வருகிற கேள்வி வேறு: ஒளிரும் குச்சியைக் கடித்துவிட்டான், வாய் மின்னுகிறது, என்ன செய்ய? பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் எரிச்சலோடு போய்விடும். வாயைத் துடைத்து, கழுவி, குடிக்க ஏதாவது கொடுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இதற்கு நேர் எதிர், மினுமினுக்கும் கிரீடத்திலும் மந்திரக்கோலிலும் இருக்கிற பொத்தான் பேட்டரி. சத்தமே இல்லாமல் விழுங்கிவிடுவார்கள், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடிய பேட்டரி அறை உள்ள பொருளை மட்டும் வாங்குங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக எமர்ஜென்சி, எக்ஸ்ரே. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், தேன் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் பையை உயரத்தில் வையுங்கள், சாக்லேட்டும், சைலிடால் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங்கமும் அதற்கு விஷம்.

ஒரு எண்ணைக் கணவர் போனிலும், மாமியார் போனிலும், ஃப்ரிட்ஜ் கதவிலும் போட்டு வையுங்கள்: 1-800-222-1222. விஷ முறிவு மையம். நாள் முழுக்க, இலவசம், மருந்தாளுநரோ நர்ஸோ எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் இணைத்துக்கொடுப்பார்கள். குழந்தை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அதை விட்டுவிட்டு 911.